குத்துதா, மாப்ளே?

காலில் சூடு பட்டது ரொட்டிக்காரருக்கு மூக்கு வழியாகத்தான் தெரிந்தது.

பேக்கரியின் பின்பக்கத்தில், அடுப்பிலிருந்து இழுத்த தட்டுகளை அவர் இரும்பு அடுக்கில் ஏற்றிக்கொண்டிருந்தார். கீழே சாத்தி வைத்திருந்த ஒரு தட்டு சரிந்து, அதன் ஓரம் அவருடைய இடது பாதத்தின் மேல் சாய்ந்தது. ரப்பர் செருப்பின் வார் உருகி நாற்றம் கிளம்பியது. "யார்யா அடுப்புல பிளாஸ்டிக்கைப் போட்டது?" என்று அவர் சத்தம் போட்டார். மாவு பிசைந்துகொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்து, "அண்ணே, உங்க கால்!" என்று அலறினார். ரொட்டிக்காரர் குனிந்து பார்த்தார். தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல இருந்தது அவருக்கு.

பிறகு, எல்லோரும் பார்க்கிறார்களே என்பதற்காக, "ஆ!" என்றார்.

அந்த "ஆ"தான் அவர் சொன்ன முதல் பொய். அப்போது அது பொய்யாக அவருக்குத் தோன்றவில்லை. ஆனால் வீட்டுக்குப் போனதும் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவி உள்ளங்காலில் குத்திப் பார்த்தார். ஒன்றும் இல்லை. குதிகாலில், விரல் நுனியில், பிறகு அடுத்த காலில். ஒன்றும் இல்லை. சர்க்கரை நோய் அவருக்கு வந்து பல வருடம் ஆகியிருந்தது. "இனிப்பு பன் சுடறவனுக்கு வராம வேற யாருக்கு வரும்?" என்று அதைப் பற்றி அவரே சிரித்துப் பேசுவார். அது எப்போது கால்களை எடுத்துக்கொண்டது என்பதுதான் தெரியவில்லை.

நடைப்பயணம் தொடங்க ஒரு வாரமே இருந்தது.

அந்தப் பயணமே கால்களுக்காகத்தான். ரொட்டிக்காரரின் அக்காவுக்கும் சர்க்கரை. புதுச் செருப்பு கடித்து அவளுடைய சுண்டுவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. வலிக்கவில்லை, அதனால் அவள் பார்க்கவில்லை. பார்த்தபோது விரல் கறுத்திருந்தது. விரலை எடுத்தார்கள், பிறகு பாதியடியை, பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாவற்றையும். ஆஸ்பத்திரியில் அந்த வார்டைப் பார்த்துக்கொண்ட மூத்த நர்ஸ் அவரிடம் மனம் பொறுக்காமல் சொன்னாள்: "இது போயிருக்க வேண்டிய கால் இல்லைங்க. அப்பப்ப யாராவது தொட்டுப் பாத்திருந்தா போதும்." தாழ்வாரக் கோடியில் உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்த அறை ஒன்றைக் காட்டினாள். "இதைக் காலி பண்ணி, ஒரு நல்ல நாற்காலி, விளக்கு, சாமான், பழகின ஆள் ஒருத்தர்னு வெச்சா, எத்தனை கால் மிஞ்சும் தெரியுமா?"

அந்த அறைக்காகத்தான் ரொட்டிக்காரர் தன் ஊரிலிருந்து தலைநகர்வரை நடந்து, வழியெல்லாம் பேசி, நிதி திரட்டப் போவதாக அறிவித்திருந்தார். டாக்டரிடம் கால் மரத்துப்போனதைச் சொன்னால் நடக்கக் கூடாது என்பார். நடக்காவிட்டால் அறை இல்லை. அக்காவிடம் சொன்னால் அவள் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துவிடுவாள். ஆகவே அவர் கடவுளிடம் மட்டும் சொன்னார். 'போய்ச் சேர்ற வரைக்கும் காலைப் பாத்துக்கோ. அப்புறம் நான் டாக்டர்கிட்ட போறேன்.' மனிதரிடம் சொல்ல வேண்டியதைக் கடவுளிடம் சொல்லிவிட்டு, சொல்லிவிட்டோம் என்று நிம்மதி அடைகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு.

அக்காவின் வீட்டு மாடியறையில்தான் அவர் குடியிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவின் கணவரை "மாமா" என்று கூப்பிடுவார். மாமாவுக்கு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் காலணி பழுது பார்க்கும் கடை. ஒரு ஸ்டூல், கால் வடிவத்தில் ஓர் இரும்பு, சுவர் நிறையத் தொங்கும் ஜோடிகள், அவ்வளவுதான். கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ஆனால் "குத்துதா கடை" என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆணி அடித்தோ தைத்தோ முடித்ததும் மாமா முதலில் தன் கையை ஷூவுக்குள் விட்டு அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்ப்பார். பிறகு அதைக் கொண்டுவந்தவரைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, கடை வாசலில் நடக்கவிட்டு, "குத்துதா?" என்று கேட்பார். "இல்லை" என்ற பதில் வந்த பிறகுதான் கூலிக்குக் கை நீட்டுவார். அவசரக்காரர்கள் திட்டுவார்கள். "பஸ்ஸை விட்டா அடுத்த பஸ் வரும், கால் வராதுங்க" என்பார். தன் மனைவியின் கால் போன பிறகு அந்த வாக்கியத்தை மட்டும் அவர் சொல்வதில்லை.

மாமா கடையை மூடிவிட்டு, பேக்கரி முதலாளி கொடுத்த பழைய ரொட்டி வேனை ஓட்டிக்கொண்டு கூடவே வருவதாக முடிவாயிற்று. வேனின் பக்கவாட்டில் பெயின்டர் ஒரு பாதத்தை வரைந்திருந்தார்.

"இது பாதமாடா? விரல் வெச்ச பன்னு மாதிரி இருக்கு" என்றாள் அக்கா, செயற்கைக் காலை ஊன்றி வாசலில் நின்றுகொண்டு.

"பசியோட பாத்தா அப்படித்தான் தெரியும்" என்றார் மாமா.

அக்கா சிரிக்கவில்லை. தம்பியின் சட்டைக் காலரைச் சரி செய்தாள். "தூங்கறதுக்கு முன்னாடி உள்ளங்காலப் பாரு. ஷூவப் போடறதுக்கு முன்னாடி உதறிட்டுப் போடு. இது ரெண்டுதான் நான் கேக்கறது. பிரசங்கம் பண்றவன்தான் மொதல்ல கோட்டை விடுவான்."

"பாக்கறேன்க்கா."

"சத்தியமா?"

"அட, சத்தியமா."

நடை நன்றாகவே போயிற்று. வெயில் ஏறும் முன் கிளம்புவார்கள். ரொட்டிக்காரர் சாலை ஓரமாக நடப்பார். வேன் பின்னாலேயே ஊர்ந்து வரும். மாமா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மாப்ளே, உன்ன ஒரு ஆமை ஓவர்டேக் பண்ணிட்டுப் போகுது. வழி விடு" என்பார்.

"அது உங்க வண்டிய விட வேகம் மாமா."

ஒவ்வோர் ஊரிலும் சந்தை முனையிலோ பள்ளிக்கூட வாசலிலோ நின்று பேசுவார். ரொட்டித் தகரம் ஒன்று கை மாறிக் கை மாறிப் போகும். ஜனங்கள் நல்லவர்களாகவே இருந்தார்கள். ஒரு முடிதிருத்துகிறவர் தன் சுழல் நாற்காலியைத் தெருவுக்கே தூக்கிவந்து அவரை உட்காரவைத்தார். ஓர் ஊரின் எல்லைவரை பள்ளிப் பெண்கள் கூடவே நடந்து வந்து, பாதத்தின் படம் ஏன் பன் மாதிரி இருக்கிறது என்று கேட்டார்கள். பெயர் தெரியாதவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள், நிழல் கொடுத்தார்கள்.

ஒரு சந்தையில், "கால்ல உணர்ச்சி கொறைஞ்சா சும்மா இருக்காதீங்க. வலி இல்லேன்னா சொகம்னு நெனைக்காதீங்க. வலிதான் காவல்காரன். அவன் தூங்கிட்டா வீடு போச்சு" என்று அவர் பேசிக்கொண்டிருந்தபோது, காய்கறிக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் எழுந்து கேட்டாள்: "உனக்கும் சர்க்கரைன்னு சொல்றியே தம்பி. உன் காவல்காரன் முழிச்சிட்டுத்தான் இருக்கானா?"

கூட்டம் சிரித்தது. மாமாவும் வேன் கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"நல்லா முழிச்சிட்டிருக்கான்மா" என்றார் ரொட்டிக்காரர். "இல்லேன்னா இப்படி நடக்க முடியுமா?"

தகரம் நிறைந்து வந்தது. அவருக்கு மட்டும் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

சாயங்காலங்களில் தங்கும் இடத்தில், மாமா ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொண்டுவந்து வைத்து, எதிரே குந்தி உட்கார்வார். "காலக் குடு. நான் பாக்கறேன். உன் தொப்பைய மடக்கி உன்னால பாக்க முடியாது."

"ஐயோ, விடுங்க மாமா! நீங்க போய் என் கால்ல கை வைக்கறதா?"

"ஊர்க்காரன் கால் பூரா என் மடியில. உன் கால் மட்டும் என்ன தங்கமா?"

"அக்கா கேட்டா என்னைக் கொன்னுடுவா. பெரியவர் நீங்க. எந்திரிங்க மொதல்ல."

மரியாதைதான். ஆனால் அந்த மரியாதைக்குள் பயமும் ஒளிந்திருந்தது. தொட்டுப் பார்த்தால் மாமாவுக்குத் தெரிந்துவிடும். ரொட்டிக்காரர் தானே காலைக் கழுவி, மேலாகத் துடைத்து, சாக்ஸை மாட்டிக்கொள்வார். உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. அக்கா போனில் கேட்பாள். "பாத்தியாடா?" "பாத்தேன்க்கா." "உதறுனியா?" "உதறுனேன்க்கா." இப்படிச் சின்னச் சின்னதாகப் பொய்கள், ஒவ்வொன்றும் அன்போடு சொல்லப்பட்டவை.

பயணம் பாதியைத் தாண்டியபோது மழை பிடித்துக்கொண்டது. வெட்டவெளியில், மரமோ கடையோ இல்லாத சாலையில், வலது ஷூவின் அடிப்பாகம் முன்பக்கம் பிளந்து வாயைத் திறந்தது. மாமா வேனின் பின்கதவைத் தூக்கி, அதன் கீழே உட்கார்ந்து, தன் இரும்பை முழங்கால்களுக்கு இடையில் வைத்துக்கொண்டார். ஈரத் தோலில் பசை ஒட்டவில்லை. தைப்பதற்கு நேரம் பிடிக்கும். அடுத்த ஊரில் பள்ளிக்கூடத்தில் இவர்களுக்காகக் காத்திருந்தார்கள்.

"சின்ன ஆணியா நாலு போடறேன். முனைய மடக்கிட்டா ஊர் போற வரைக்கும் தாங்கும். அங்க போய்த் தைச்சுடலாம்."

அடித்தார். முனைகளை மடக்கினார். உள் அட்டையை மேலே பரப்பினார். கையை உள்ளே விட்டு வழக்கம்போலத் தடவிப் பார்த்தார். பிறகு ரொட்டிக்காரரைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, மழையில் நடக்கவிட்டார்.

"குத்துதா, மாப்ளே?"

"இல்ல மாமா."

"நல்லா அழுத்தி ஊன்று. குத்துதா?"

"இல்லவே இல்ல."

அது உண்மைதான். கை வைத்துப் பார்த்தபோது ஆணிகள் படிந்துதான் இருந்தன. காலும் குத்தவில்லை என்றுதான் சொன்னது. அந்தக் காலுக்குச் சாட்சி சொல்லத் தகுதி இல்லை என்பது ஒருவருக்குத்தான் தெரியும். அவர் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஊரில் தைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வரவேற்பு, பேச்சு, புகைப்படம் என்று நேரம் போய்விட்டது. மறுநாள் மாமா காலையில் கேட்டார்: "குத்துதா? இன்னிக்குத் தைச்சுடவா?" "வேணாம் மாமா, ஜம்முன்னு இருக்கு. நேரம் ஆகுது." அதற்கு அடுத்த நாளும் கேட்டார். அதற்கு அடுத்த நாளும். பதில் அதேதான். நடக்க நடக்க, ஊறிப்போன தோலுக்குள் ஓர் ஆணி மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது. சாக்ஸ் ஈரமாக இருப்பது மழையால் என்று ரொட்டிக்காரர் நினைத்தார். உடம்பு லேசாகச் சுட்டது. அதையும் மழை என்றே நினைத்தார்.

பிறகு ஒரு நாள் காலை, ஒரு சமூகக் கூடத்தில், துடைத்து வைத்திருந்த வெள்ளைத் தரையில் அவர் ஷூ போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். பின்னால் பைகளை எடுத்துக்கொண்டு வந்த மாமா தரையைப் பார்த்தார். ஈரமான தடங்கள். ஒன்று விட்டு ஒரு தடத்தில், விரல்களுக்குக் கீழே, ஒரு பொட்டு. கறுப்பாக, பெருவிரல் நகம் அளவுக்கு. வலது தடம் எல்லாவற்றிலும் அது இருந்தது.

"மாப்ளே, நில்லு."

"என்ன மாமா?"

"நில்லுடா! ஊன்றாத!"

மாமா பைகளைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அவரைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, இந்தத் தடவை அனுமதி கேட்காமல் காலைத் தூக்கி மடியில் வைத்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸ் சதையோடு ஒட்டியிருந்தது. நாற்றம் அறை முழுவதும் பரவியது. உள்ளங்காலில் ஒரு குழி. அதைச் சுற்றி வீங்கிப் பழுத்து, பாதி அடிவரை கறுத்திருந்தது. மாமா ஷூவுக்குள் கையை விட்டார். அவர் விரல் நுனியில் ரத்தம் வந்தது.

"இது குத்தலயா?" என்றார். "மாப்ளே, இது உனக்குக் குத்தலயா?"

ரொட்டிக்காரர் கழற்றிய சாக்ஸை எடுத்து, அந்தக் குழியை மூடப் பார்த்தார்.

விஷம் எலும்புவரை போய்விட்டது என்றார்கள். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் முதல் சிகிச்சை கொடுத்து, சொந்த ஊருக்கு அனுப்பினார்கள். அக்காவின் கால் போன அதே வார்டில், அக்காவுக்கு எடுத்த அதே இடத்தில், முழங்காலுக்குக் கீழே, அவருடைய வலது கால் எடுக்கப்பட்டது.

மாமா வார்டுக்குள் வரவில்லை. தாழ்வாரத்தில், உடைந்த கட்டில்கள் கிடந்த அந்த அறையின் வாசலில் உட்கார்ந்திருந்தார். மூத்த நர்ஸ் ஒரு மெல்லிய நைலான் இழையால் ரொட்டிக்காரரின் மிஞ்சிய பாதத்தை இடம் இடமாகத் தொட்டு, "தெரியுதா? தெரியுதா?" என்று கேட்ட அன்று மட்டும், கதவோரம் வந்து நின்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வார்டு இரைச்சலில் பதில்கள் அவருக்குக் கேட்கவில்லை. நர்ஸ் மட்டும் நோயாளியை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். "எப்ப இருந்து?" என்று கேட்டாள். ரொட்டிக்காரர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பத்திரிகையில் படம் வந்தது. 'அக்காவுக்காக நடந்து தன் காலையே கொடுத்த தம்பி' என்று போட்டிருந்தார்கள். பேக்கரியில் அதை வெட்டிக் கண்ணாடி அலமாரியில் ஒட்டினார்கள். வந்தவர்கள் எல்லோரும் அவர் கையைப் பிடித்துக் கண்கலங்கினார்கள். அவர் வீடு திரும்பியும் அது ஓயவில்லை.

'குத்துதா கடை' திறக்கவே இல்லை. பழுதுக்குக் கொடுத்தவர்கள் வீட்டுக்கு வந்து கேட்டால், மாமா உள்ளே போய்விடுவார். அந்த ஆணியைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். சட்டையை மாற்றும்போது அதையும் மாற்றினார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, தன் வலது கையைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். "இந்தக் கைதான் சரியா இருக்குன்னு சொல்லிச்சு" என்பார். "எத்தனை வருஷம் நம்பினேன் இந்தக் கைய." காலைப் பிரார்த்தனைக்குக் கை கூப்புவதையும் நிறுத்திவிட்டார்.

ரொட்டிக்காரர் இதையெல்லாம் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கீழறையில்தான் அவருக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பார். யாராவது வந்து கையைப் பிடித்து அவரைத் தியாகி என்பார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று ஆகிவிடும்.

ஒரு நாள் மத்தியானம் அக்கா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தன் செயற்கைக் காலின் பட்டையைத் தளர்த்திவிட்டுக்கொண்டாள்.

"எனக்குக் கொப்புளம் வந்தப்ப வலிச்சுதாடா?"

"இல்ல."

"அப்ப உனக்கு ஆணி குத்தினப்ப?"

அவர் போர்வையைக் காலுக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

"நானும் இந்தக் கட்டில்ல கெடந்தவதான். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நடக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தெரியுமா, இல்ல நடுவிலயா?"

"முன்னாடியே."

அக்கா கையைத் தூக்கினாள். அடிப்பாள் என்று நினைத்தார். அவள் அவர் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்த்தாள், அவ்வளவுதான். "அந்த மனுஷன் அங்க செத்துக்கிட்டிருக்காரு. நான் சொல்லிடலாம். நான் சொன்னா, பொண்டாட்டி சமாதானம் பண்றான்னு நெனைப்பாரு. நீதான் எந்திரிச்சுப் போகணும்."

"எப்படிக்கா போறது?"

"அவ்வளவு தூரம் நடந்தியே. சமையலறையத் தாண்டிப் பின்வாசல். அதான் தூரம்."

ஊன்றுகோல்கள் இன்னும் பழகவில்லை. மேஜையைப் பிடித்து, கதவு நிலையைப் பிடித்து, சமையலறை மேடையைப் பிடித்துப் போனார். அந்தத் தூரத்துக்கு யாரும் தகரத்தில் எதுவும் போடவில்லை. மாமா பின்வாசல் படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"மாமா."

"ஏன் எந்திரிச்சு வந்த? விழுந்து வைக்காத."

"மாமா, உங்க கை பொய் சொல்லல. எனக்குக் கால் மரத்து ரொம்ப நாளாச்சு. தட்டு விழுந்து வெந்ததே, அன்னிக்கே தெரியும். சொன்னா நடக்க விட மாட்டீங்கன்னு சொல்லல. நீங்க குத்துதான்னு கேட்டப்ப... எனக்குக் குத்தல. ஆனா குத்தினாலும் எனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்."

மாமா திரும்பவில்லை.

"ஒரு வார்த்தை" என்றார் கடைசியில். "ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆணியே அடிச்சிருக்க மாட்டேன். மழை விடற வரைக்கும் உக்காந்து தைச்சிருப்பேன். பள்ளிக்கூடம் காத்துக்கிட்டு இருந்தா இருக்கட்டும்னு தைச்சிருப்பேன்." எழுந்தார். சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து, மச்சினன் கையில் திணித்தார். "இது உன்னுது. நீயே வெச்சுக்க."

அவரைத் தாண்டி உள்ளே போய், சாவியை எடுத்துக்கொண்டு, மாமா கடையைத் திறக்கப் போனார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அதன் பிறகு மச்சினனோடு பேசவும் இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் வீடு திரும்பியவர் தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டார். அக்கா அடுப்படியில் நின்று, சத்தம் வராமல் அழுது, கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

ரொட்டிக்காரர் பேக்கரிக்கும் உண்மையைச் சொல்லி அனுப்பினார். கண்ணாடி அலமாரியில் இருந்த படம் போயிற்று. சிலர் அவரை ஏமாற்றுக்காரன் என்றார்கள். சிலர் பாவம் என்றார்கள். பயணம் பாதியில் நின்றதால் நிதி போதாமல், ஆஸ்பத்திரி அறை கிடைக்கவில்லை. திரண்ட நிதியில் ஒரு நாற்காலியும் விளக்கும் வாங்கி, வார்டின் மூலையில் வைத்தார்கள். சில நாளில் விளக்கு வேறு வார்டுக்குப் போய்விட்டது. நாற்காலியில் பார்வையாளர்கள் உட்கார்ந்து போன் பேசினார்கள். உடைந்த கட்டில்கள் அங்கேயே கிடக்கின்றன.

அடுப்பு வேலைக்கு அவரால் திரும்ப முடியவில்லை. செயற்கைக் கால் பழகியதும், அக்காவின் கட்டளைப்படி, அவர் மாமாவின் கடையில் வந்து உட்காரத் தொடங்கினார். மாமா தடுக்கவில்லை. வார் வெட்டிக் கொடுப்பார், பாலிஷ் போடுவார். இருவருக்கும் நடுவில் சுத்தியல் சத்தம் மட்டும்தான் பேச்சு.

ஆனால் கடையில் ஒன்று மாறியிருந்தது. வேலை முடிந்ததும் மாமா கையை விட்டுத் தடவிப் பார்ப்பார். "குத்துதா?" என்று கேட்பதில்லை. கொண்டுவந்தவரை ஸ்டூலில் உட்காரவைத்து, வெறுங்காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, தைக்கும் நைலான் நூலில் ஒரு துண்டை நறுக்கிக்கொண்டு, "கண்ண மூடுங்க. எங்க தொடறேன்னு சொல்லுங்க" என்பார்.

ஒரு காலை அலுவலகத்துக்குப் போகிற பெரியவர் ஒருவர் வந்தார். ஷூவின் குதி தேய்ந்திருந்தது.

"செருப்பு தைக்கச் சொன்னா ஜோசியம் பாக்கறியே!" என்று சிரித்தார். "இது கால்ப்பா. கைரேகை அந்தப் பக்கம்."

"சும்மா சொல்லுங்க சார்."

"சரி, தொடு. தொட்டாத்தானே சொல்ல முடியும்."

மாமாவின் நூல் அப்போது பெருவிரலின் அடியில் இருந்தது. பிறகு நடுவிரலில். பிறகு பாதத்தின் நடுவில்.

"இன்னும் ஆரம்பிக்கலயா?" என்றார் பெரியவர், கண்ணை மூடியபடி.

மாமாவின் கை நின்றது. அவர் தலையைத் தூக்கி, பல வாரங்களுக்குப் பிறகு, மச்சினனைப் பார்த்தார். ரொட்டிக்காரர் பாலிஷ் துணியைக் கீழே வைத்தார்.

"சார், கண்ணத் தொறங்க. பயப்படாதீங்க. வலி இல்லேன்னாலும் இத ஒருத்தர்கிட்ட காட்டணும். ஆஸ்பத்திரியில ஒரு சிஸ்டர் இருக்காங்க, நல்லவங்க. இங்கேருந்து கிட்டத்தான். நானும் கூட வரேன். மெதுவாத்தான் நடப்பேன், பரவாயில்லையா?"

பெரியவரின் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. தன் காலையே பார்த்துக்கொண்டு, தலையாட்டினார்.

ரொட்டிக்காரர் கழற்றி வைத்திருந்த இடது ஷூவை இழுத்து மாட்டிக்கொண்டு, தடியை ஊன்றி எழுந்து வாசலுக்குப் போனார்.

"மாப்ளே."

அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. அவர் திரும்பினார். மாமா குனிந்து ஆணிப்பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"உதறிட்டுப் போட்டியா?"

"உதறுனேன்" என்று வாய்வரை வந்துவிட்டது. பழகிய வாய்.

"இல்ல மாமா" என்றார்.

திரும்பி வந்தார். பெரியவர் எழுந்து இடம் விட்ட ஸ்டூலில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, அந்த ஒற்றைக் காலை, சூட்டுத் தழும்பு தெரிய, நீட்டினார். மாமா ஆணிப்பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டு, அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.